ஆழ்வாப்பிள்ளை வீட்டுக் கதவு

லண்டனில் பெரிய வழக்கொன்றை வென்ற சட்டத்தரணி பிரியதர்சினியின் படம் பேப்பரில் வந்த நாளிலிருந்து, புளியங்கூடலில் அவளுக்குச் சொந்தக்காரர் பெருகிவிட்டார்கள். பத்து வயதில் இடம்பெயர்ந்து போன பிள்ளையை அதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. இப்போது "என்ர மடியில வளந்த பிள்ளை" என்று சொல்ல ஆறு பெரியம்மாமார் இருந்தார்கள். அவள் ஊருக்கு வருகிறாள் என்றதும் வாசிகசாலைத் தலைவர் தம்பிஐயா கூட்டம் கூட்டினார்.

"அவவின்ர அப்பப்பா ஆழ்வாப்பிள்ளையர் கட்டின வீட்டு வாசலிலதான் நிறைகுடம் வைக்கவேணும்" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த கோசலா கூட்டம் முடியுமுன்பே எழுந்து வீட்டுக்கு நடந்தாள். அந்த வாசல் கதவு அவள் வீட்டில் நின்றது.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரே ஓடியது. ஆறு வருடம் கழித்துக் கோசலா திரும்பியபோது கணவனும் இல்லை, வீட்டுக்குக் கதவும் இல்லை. வயதுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு எத்தனை நாள் படுப்பது? கூரை விழுந்து கிடந்த ஆழ்வாப்பிள்ளையர் வீட்டில் கதவு மட்டும் அசையாமல் நின்றது. நிலையோடு பெயர்த்து, இரண்டு நடையாகச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தாள். நீலப் பெயின்ற் பூசினாள். உட்புறம் ஆழமாக வெட்டியிருந்த 'ஆழ்வாப்பிள்ளை 1938' மட்டும் பூச்சுக்கு மறையவில்லை. அதன்மேல் ஒரு கலண்டரை மாட்டினாள்.

வருடா வருடம் கலண்டர் மாறியது, ஆணி மாறவில்லை. பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். என்றாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். யாராவது திகதி பார்க்க எழுந்தால், "நீங்கள் இருங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்" என்று முந்திக்கொள்வாள்.

அந்த நாளும் வந்தது. மேளம், மாலை எல்லாம் குறைவில்லை. வீடுதான் இல்லை. அத்திவாரமும் இரண்டு தூணும் நின்ற இடத்தில், வாசல் இதுவாய்த்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாக நிறைகுடம் வைத்திருந்தார் தம்பிஐயா. பிரியதர்சினி சுற்றிப் பார்த்தாள்.

"வீடு எங்க ஐயா?"

"எல்லாத்தையும் கள்ளர் கொண்டு போட்டாங்கள், பிள்ளை."

அந்தச் சொல் கோசலாவுக்குச் சுட்டது. இத்தனை வருடம் பயந்திருந்தவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கள்ளர் இல்லை, பிள்ளை. கதவை நான்தான் கழட்டிக்கொண்டு போனனான். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோட கதவில்லாத வீட்டில இருக்க ஏலாமல் போச்சு. இண்டைக்கே கழட்டித் தாறன்."

மேளம் நின்றுவிட்டது. தம்பிஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு ஜன்னல் என்னட்டை நிக்குது."

"ஓடு கொஞ்சம் எங்கட குசினியில, அடுப்புக்கு மேல கூரையில" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வாசிகசாலைக் கூரையின் வளைமரமும் அந்த வீட்டு மரம்தான் என்றது இன்னொரு குரல்.

பிரியதர்சினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது.

"எல்லாம் மண்ணாப் போச்சு எண்டு அப்பா சாகுமட்டும் அழுதவர். வீடு ஊருக்குள்ளதானே நிக்குது! வாங்கோ, ஒவ்வொண்டாப் பாப்பம்."

மேளம் முன்னால் போக, ஊர்வலம் முதலில் கோசலா வீட்டுக்குத்தான் வந்தது. அந்தக் கதவைச் சும்மா தள்ளினால் சாத்துப்படாது. அதை அவள் சொல்ல வாயெடுக்கும் முன்பே பிரியதர்சினி உள்ளே வந்து, பிடியைக் கொஞ்சம் தூக்கி அழுத்தினாள். கதவு சத்தமில்லாமல் சாத்துப்பட்டது.

"அப்பவும் இப்பிடித்தான்" என்றாள். கலண்டரை விலக்கி, பெயரை விரலால் தடவினாள்.

"கழட்டட்டோ, பிள்ளை?"

"ரெண்டு பிள்ளையளைக் காத்த கதவு, அம்மா. இதுக்கு வழக்குப் போட்டால் நானே தோத்துப்போவன். இங்கயே நிக்கட்டும்."

கோசலா வாசற்படியில் இருந்துவிட்டாள். நெஞ்சுப் பாரம் அழுகையாக இறங்கியது. வெட்கப்படாமல் அழுதாள்.

ஊர்வலம் தம்பிஐயாவின் ஜன்னல்களைப் பார்க்கப் போனபின், கலண்டரைக் கழற்றிக் குசினிச் சுவரில் மாட்டினாள். இனி யாரும் எழுந்து போய்த் திகதி பார்க்கலாம்.