ரெட் ஆக்சைடுக்கு அடியில்

உடைந்த இடத்தை முதலில் குனிந்து பார்த்தவன் நான்தான். கரும்பு ஏற்றிய ட்ரெய்லர் ஏரிக்கரை மேட்டிலிருந்து பின்னால் உருண்டு கழனியில் கவிழ்ந்து கிடந்தது. ட்ராக்டரோடு ட்ரெய்லரைக் கோக்கும் இரும்புச் சட்டத்தை ட்ராபார் என்போம். முந்தின நாள் நான் வெல்டிங் அடித்த இடத்திலேயே அது விட்டுப்போயிருந்தது. உடைந்த முகத்தில் ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோலப் பொடிப்பொடியாக ஓட்டைகள். நான் வாயைத் திறக்கவில்லை.

1. ஒயர் மிஷின்

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். உத்திரமேரூரில் ஒரு பட்டறையில் வேலை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் முதலாளி மெட்ராஸில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து ஒயர் மிஷின் என்கிற பழைய வெல்டிங் மிஷின் ஒன்றை வாங்கிவந்தார். வெல்டிங் ராடைக் கையில் பிடித்தே பழகிய எங்களுக்கு அது அதிசயம். சுருளிலிருந்து கம்பி தானாக, கையில் பிடிக்கும் டார்ச்சுக்கு வரும். கூடவே சிலிண்டரிலிருந்து கேஸ் வந்து, உருகும் இரும்பைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். கீழே சக்கரம் இருந்ததால் டயர் மாட்டுவண்டியில் ஏற்றி வேலை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவோம்.

மிஷினை நன்றாகத்தான் வைத்திருந்தேன். துரு பிடிக்காமலிருக்க, கம்பிச் சுருளைச் சாயங்காலம் கழற்றிப் பையில் கட்டிவைப்பேன். கேபிளுக்குள் கம்பி ஓடும் லைனரை வாரம் ஒருமுறை ஏர் அடித்து ஊதுவேன். டார்ச் முனையிலுள்ள நாசிலில் ஒட்டும் பொறியை அப்போதைக்கப்போது தட்டிவிடுவேன். அது அடைத்தால் கேஸ் சரியாக வராது.

2. சம்பந்தத்தின் லோடு

ஒருநாள் காலையில் கரும்புக்காரர் சம்பந்தம் பட்டறைக்கு ஓடிவந்தார்.

"மில்லுலேர்ந்து கட்டிங் ஆர்டர் வந்துட்ச்சி, லோடும் ஏத்திட்டேன். இப்பப் போயி ட்ராபார் விரிசல் உட்டுகினு கீதுப்பா."

"லோட எறக்கிட்டு இட்டா, அடிச்சித் தரேன்" என்றார் முதலாளி.

"இன்னாது, ஏத்துன கரும்ப எறக்கறதா? உன் மிஷினுக்குத்தான் காலு கீதே, அது வராதா?"

வெட்டவெளியில் கேஸ் தேவைப்படாத ராடு செட்தான் சரி, காற்றில் கேஸ் நிற்காது. அதைச் சொல்ல, "அண்ணே, ராடு செட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒயர் மிஷினையே ஏத்துடா மணி. ஊரு பாக்கட்டும்" என்றார் முதலாளி.

நான் ஒயர் மிஷினையே வண்டியில் ஏற்றினேன்.

கழனியில் மிஷினுக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் கிடைப்பது மோட்டார் கொட்டகையில்தான். மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கட்டை மூன்றையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே ஒயரைத் தொட்டேன். பையில் இருந்தால் வேறு யாரும் மாட்ட முடியாது. பொறி பட்டுத் தீப்பிடிக்காமல் சுற்றியிருந்த கரும்புச் சோகையை நனைத்தேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். பெயிண்டைச் சுரண்டி, வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் கிளாம்பை மாட்டினேன். இதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வெல்டிங் ஒரே சத்தமாக ஓடாமல் படபடவென்று வெடித்தது. கேஸ் பறந்துபோகிறது என்று அப்போதே தெரிந்தது. ஆறியதும் பார்த்தால் மேலெல்லாம் குண்டூசித் துளை. முழுவதும் தோண்டியெடுத்து, சுற்றிப் படுதா கட்டி மறுபடி அடிக்கவேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும்.

"இன்னாடா இது, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ நேரம் சிங்காரிக்க மாட்டாங்க. கரண்டு பூடப் போவுது, முடிடா!" என்றார் சம்பந்தம். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

நாலு பேர் சிரித்தால் எனக்கு நாக்கு எழும்பாது. மேலாகக் கிரைண்டர் போட்டு மழமழப்பாக்கி, ரெட் ஆக்சைடு அடித்து மூடினேன்.

ட்ராக்டர் ஓட்டும் ஏழுமலை பக்கத்தில் வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், சம்பந்தத்திடம் சம்பளத்துக்கு ஓட்டுபவர். ஈரப் பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, நாளைக்கு ஏரிக்கரை மேட்ல ஏத்தணும். தாங்குமா?"

நான் தலையை ஆட்டினேன்.

3. ஏரிக்கரை மேடு

மறுநாள் அது தாங்கவில்லை. சேதி கேட்டு முதலாளியும் நானும் ஓடினோம். யாருக்கும் அடிபடாதது ஒன்றுதான் ஆறுதல்.

"டேய், குடிச்சிகினு ஓட்னியா?" என்று கத்தினார் சம்பந்தம்.

"சத்தியமா இல்ல ஐயா. மெதுவாத்தான் ஏத்துனேன்" என்றார் ஏழுமலை.

முதலாளி முந்திக்கொண்டார். "மிஷின் வெல்டிங்கு எப்டி வுடும்? கிளட்ச்ச சடக்குனு உட்டுருப்பான்."

சம்பந்தம் என்னிடம் திரும்பினார். "அடிச்சவன் நீதான, நீ சொல்றா. உன் வேலையா, இவன் வேலையா?"

ஏழுமலை என்னையே பார்த்தார். நான் சொன்னால் முதலாளி என்னை விரட்டிவிடுவார், அந்த மனிதருக்கு வேலை மிஞ்சும். அவ்வளவுதான் கணக்கு. நான் மண்ணைத் துடைப்பதுபோல உடைந்த முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கீழே பார்த்தபடி நின்றேன்.

"சாவிய வெச்சிட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார் சம்பந்தம். ஏழுமலை சாவியை மட்கார்டு மேல் வைத்துவிட்டு, ஏரிக்கரையோடு நடந்து போனார். அடுத்த வாரம் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சில வருஷம் கழித்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவரே என் தோளைத் தொட்டார்.

"இன்னா தம்பி, நல்லா கீறியா? அந்த மிஷினு ஓடுதா?"

தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கி நான்தான் கிளட்ச்ச அவசரமா உட்டுட்டனோ இன்னாவோ. இன்னும் மனசுல கீது தம்பி. அப்பறம் எங்கயும் வண்டி ஓட்டல" என்றார்.

அது அவர் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வெட்டவெளியில் படுதா கட்டாமல் ஒயர் மிஷினை ஓட்டாதீர்கள். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், வண்டி ஓட்டப்போகிறவரைக் கூப்பிட்டு வெல்டிங்கைக் காட்டுங்கள். காசு கொடுப்பவருக்குக் காட்டினால் மட்டும் போதாது. தாங்குமா என்று கேட்டால் தலையை ஆட்டாமல் வாயால் பதில் சொல்லுங்கள்.

ஏழுமலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர் கிளட்சை மெதுவாகத்தான் விட்டார்.