ஆயர் மாளிகையில் அண்ணன் முகம்

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். டிப்போவில் அவளுக்குக் 'கல்லு' என்று பட்டப்பெயர். குறுக்கே லாரி பாய்ந்தாலும் பதற மாட்டாள். அப்படிப்பட்டவளே அன்றைக்கு ஆடிப்போனாள்.

லீவு நாள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரருக்குப் பழைய கட்டிடம் என்றால் உயிர். கிறிஸ்தவ ஆயர்கள் காலங்காலமாக வாழ்ந்த மாளிகையைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள் என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

"வீட்ல நிம்மதியாத் தூங்கியிருப்பேன்," என்று முனகிக்கொண்டே மாடியேறினாள்.

படிப்பறை வாசலில் கயிறு கட்டியிருந்தது. உள்ளே மேசை முன்னால், அங்கியோடு, முதல் ஆயரை மெழுகில் செய்து உட்கார வைத்திருந்தார்கள். சும்மா ஒரு பார்வை பார்த்தவள், கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க... இது எங்கண்ணன்."

"உனக்கென்ன கிறுக்கா? இவரு செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு."

ஆனால் அது அண்ணன் முகம்தான். அப்பாவோடு சண்டை போட்டு, அவள் கல்யாணத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போனவன். சின்ன வயதில் ஊஞ்சல் பலகை பட்டுப் பிளந்த இடது புருவம்கூட அப்படியே இருந்தது.

வாசலில் நின்ற காவலாளி சிரித்தார். "அந்த ஆயருக்குப் படமே கிடைக்கலம்மா. பொம்மை செஞ்சவரு எங்க தோட்டக்காரர் மூஞ்சியில அச்சு எடுத்துட்டாரு. மனுஷன் கீழ ரோஜாப் பாத்தியிலதான் இருக்காரு."

செத்திருப்பான் என்று எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டவள் அவள். படியில் எப்படி இறங்கினாள் என்றே தெரியவில்லை. மாளிகைக்குப் பின்னால், வற்றிய நீரூற்றுக்கு அருகே, நரைத்த தலை ஒன்று செடிகளுக்கு நடுவில் குனிந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தது.

"பாப்பா!"

"என்னை அடையாளம் தெரியுதா?"

"தெரியாமயா? உன் பஸ்ல எத்தனை தடவ வந்திருக்கேன். கடைசி சீட்ல உட்காந்துக்குவேன்."

"என் பஸ்லயா? ஒரு தடவகூட வாயத் தொறக்கலயே, பாவி!"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?"

பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள். "அப்பா போயிட்டாரு. கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவள் அழவில்லை. வீட்டுக்காரர்தான் மச்சானைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

மறுநாள் அவளால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று டிப்போவுக்குச் சொல்லிவிட்டாள்.

இப்போது அண்ணன் வீட்டுக்கு வந்துபோகிறான். சோறு போடுகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வர நேரமானால் மட்டும், "இன்னும் காணோமே" என்று வீட்டுக்காரரை நச்சரிக்கிறாள்.