ஓரகத்தி வீட்டுப் பைப்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் மெல்லியது. அடுத்த காம்பராவில் வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் என் அடுப்படி வரை கேட்கும். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, மலைத்தண்ணீர் விழும் பீலியில் பத்துப் பேருக்குப் பின்னால் குடத்தோடு நின்று திரும்பும் எனக்கு, அந்தச் சத்தம் கேட்டாலே வயிறு எரியும். அடுத்த காம்பரா என் ஓரகத்தியுடையது. இருபது குடும்பத்தில் அவளுக்கு மட்டும் வீட்டுக்குள் பைப்.

அது எப்படி வந்தது என்று லயத்துக்கே தெரியும். அவள் புருஷன், என் கணவரின் அண்ணன், தோட்டத்துக் காட்டைக் காவல் காக்கும் வாச்சர். பீலிக்குத் தண்ணீர் தரும் ஊற்று அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. காற்றில் விழுந்த மரங்களை அகற்றவென்று பெர்மிட் வாங்கிக்கொண்டு, ஊற்றைச் சுற்றி நின்ற மரங்களை வெட்டி லொறியில் ஏற்றினார்கள். பெரிய இடத்து ஆட்களின் வேலை. வாச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குக் கைமாறாக ஊற்றிலிருந்து அவர் வீட்டுக்குத் தனிக் குழாய் இழுத்துக் கொடுத்தார்கள்.

"தங்கச்சி, நீயும் இங்கயே புடிச்சிக்க. எதுக்குப் பீலியில போயி நிக்கிற?" என்பாள் ஓரகத்தி. நல்ல மனதோடுதான் சொல்வாள். அதுதான் எனக்குப் பொறுக்காது.

"வேணாங்க்கா, எனக்குப் பீலித் தண்ணிதான் ருசி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். ஒருநாள் அவள் வாசலில் இருந்த ரோஜாச் செடிக்கு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். ரோஜாவுக்கு! அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மருந்தெடுக்கப் போவதாகக் கங்காணியிடம் பொய் சொல்லிவிட்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கவிழ்க்க வேண்டுமென்றால் அதிகாரிகளுக்குப் பெயரில்லாமல் பெட்டிசம் போடுவதுதான் வழக்கம். அங்கே கூலிக்கு டைப் அடிப்பவர் ஒருவர் நான் சொல்லச் சொல்ல அடித்தார். அனுமதியில்லாத குழாய், இன்ன தோட்டம், இன்ன லயம், இன்ன காம்பரா.

"வேற ஏதாச்சும் சேக்கணுமாம்மா?"

மரம் நினைவுக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் அதைச் சேர்த்தால் விசாரணை இழுபடும், அதுவரை பைப் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அது அடுத்த வாரமே நிற்க வேண்டும்.

"இது போதுங்க" என்றேன்.

நின்றது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து குழாயை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். போகும் வழியில், மரம் ஏற்றிய லொறிக்கு இடம் விட்டு ஜீப்பை ஓரங்கட்டியதைக் கொழுந்து மலையிலிருந்து பார்த்தேன். அப்போதும் எனக்குச் சந்தோஷம்தான். அன்று மாலை ஓரகத்தி குடத்தோடு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் வேண்டுமென்றே மெதுவாகப் பிடித்தேன்.

அடுத்த வெயில் காலத்தில் பீலி விரல் தடிப்புக்கு மெலிந்தது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் இல்லை. ஊற்றைச் சுற்றி வெறும் அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. இப்போது தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காக ரோட்டில் இறங்கி நிற்கிறோம்.

போன வாரம் அங்கே நின்றபோது ஓரகத்தி என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு வாயத் தொறக்கல. அது எங்க தப்புதான். ஆனா பைப்பப் பத்தி எழுதினவங்க மரத்தையும் சேத்து எழுதியிருக்கலாமே, தங்கச்சி."

பவுசர் வந்து நின்றது. அந்த நேரத்திலும், அவள் குடம் எனக்கு முன்னால் இருப்பதைத்தான் என் கண் முதலில் பார்த்தது.