எல் பலகைக்குப் பின்னால் ஒரு பயணம்: எலப்புள்ளி முதல் பீர்மேடு வரை

பழகுநர் உரிமத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர், ஓட்டுநர் உரிமமுள்ள பயிற்றுநரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. அந்தப் பயிற்றுநர் இல்லாமல் தனியாக ஓட்டவும் கூடாது. இது மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்றாவது. பீர்மேட்டில் என் கொழுந்தியாள் மகள் மல்லிகா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் அந்தத் தகுதியுள்ளவர் ஒருவர்கூட இல்லை. அதனால், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற, மோட்டார் சைக்கிள் உரிமம் வைத்திருக்கும் நான், பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எலப்புள்ளியில் பஸ் ஏறினேன்.

பாலக்காட்டிலிருந்து கோட்டயம் வரை ரயில். அங்கிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் மலைச்சாலை, அரசு பஸ். வழியில் குட்டிக்கானத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. சூட்டைத் தவிர அதில் குறிப்பிட ஒன்றுமில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை அடைந்தபோது மணி மூன்று.

மல்லிகாவுக்குப் பால் சங்கத்தில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. கியர் வண்டி உரிமத்தை மாத முடிவுக்குள் காட்ட வேண்டும்; தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போகும், அவள் கொழுந்து பறிக்கத் திரும்ப வேண்டும். வியாழக்கிழமை தேர்வு. அவள் பழகியதோ கணவனின் பழைய எழுபத்தைந்து சி.சி. கைகியர் வண்டியில். கேரளத்தில் இப்போது தேர்வுக்குக் கால்கியர் வண்டி, அதுவும் தொண்ணூற்றைந்து சி.சி.க்குக் குறையாமல் வேண்டும். லயத்தில் எல்லாக் காகிதமும் சரியாக இருந்த ஒரே வண்டி ஜீப் ஓட்டுநர் சுடலையுடையது. முந்நூற்றைம்பது சி.சி. அதற்குத் தடையில்லை. பதினாறு வயதுக்கு ஐம்பது சி.சி. என்று எல்லை வகுத்த சட்டம், பதினெட்டு ஆனதும் கை கழுவிவிடுகிறது.

"லயத்துல இருபது வண்டி நிக்கி அய்யா. லைசென்சு எனக்கு மட்டுந்தான், அதுவும் ஜீப்புக்கு" என்றார் சுடலை. "எஸ்டேட் ரோட்டுல யாரு கேக்கப் போறா?"

பஸ் ஆளேற்றும் இடம் எதுவானாலும் சட்டப்படி அது பொது இடம், தோட்டத்து பஸ்ஸோ தொழிற்சாலை வாசலில் நிற்கிறது என்றேன்.

"அப்போ பஸ்ஸ வர வேண்டாம்னு சொல்லிருவோமா?"

புதன் காலை பத்து மணி. சுடலையின் வண்டியில் பயிற்சி; மல்லிகா ஓட்ட, நான் பின்னால். முன்னும் பின்னும் சிவப்பு எல், இருவருக்கும் ஹெல்மெட். பீர்மேடு சாலையில் ஆறாவது கிலோமீட்டரில் ஒரு போலீஸ் அதிகாரி கை காட்டினார். எல் பலகை இல்லாத இரண்டு வண்டிகள் எங்களைக் கடந்து நிம்மதியாகப் போயின.

"எல் போர்டு வெச்சா பின்னால ஆளை ஏத்தக் கூடாது சாரே. இறங்கணும்."

மூன்றாம் விதியைத் தமிழிலும் மலையாளத்திலும் சொன்னேன்.

"அதெல்லாம் ஆபீசில எழுதிக் கொடுங்க. இப்ப இறங்கலைன்னா வண்டி ஸ்டேஷனுக்குப் போகும்."

மல்லிகா திரும்பிப் பார்த்தாள். "பேக்டரிக்குக் கீழ இருக்கற ஏத்தத்துல தனியா எனக்கு வராதுங்க பெரியப்பா. நின்னா வண்டி பின்னால உருளுமுங்க." சற்று யோசித்தாள். "வண்டி போச்சுன்னா நாளைக்கு டெஸ்ட்டே இல்லைங்க. நீங்க எறங்குங்க."

இறங்கினேன். விதிப்படி வந்தவளை, விதியை மீறித் தனியாக ஓட்டும்படி ஓர் அதிகாரியே அனுப்பிவைத்தார். முதல் கியரில் வண்டி ஒரு முறை உதறியது. பிறகு வளைவில் மறைந்தது.

அரை மணி நேரம் கழித்துச் சுடலையின் ஜீப் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"தேயிலையிலதான் விழுவா அய்யா. ஒண்ணும் ஆவாது" என்றார் சுடலை. ஆனால் அவரும் மெதுவாகத்தான் ஓட்டினார்.

தொழிற்சாலைக்குக் கீழே ஏற்றம் வந்தது. சாலையில் யாருமில்லை. லயத்து முன்னால் வண்டி ஸ்டாண்டில் நின்றது. மல்லிகா குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஏறினாய்?"

"ரெண்டு தடவ அணைஞ்சு போச்சுங்க. மூணாந்தடவ ஏறிருச்சுங்க." முகத்தைத் துடைத்தாள். "கோவிச்சுக்காதீங்க பெரியப்பா. பின்னாடி நீங்க இல்லாம வண்டி கொஞ்சம் லேசா இருந்துச்சுங்க."

வியாழன், தேர்வு மைதானம். மல்லிகா கால் தரையில் படாமல் எட்டுப் போட்டாள். சாலைத் தேர்விலும் தேறினாள். மதிய பஸ்ஸில் நான் மலை இறங்கினேன். எங்கள் ஊர்ச் சாலை தட்டையானது. அங்கே பயிற்றுநர் இறங்கினாலும் ஏறினாலும் வண்டிக்கு வித்தியாசம் தெரியாது. பழகுநருக்குப் பின்னால் பயிற்றுநர் அமரலாமா என்று கேட்டு, வந்த மறுநாளே போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதினேன். மல்லிகா மாத முடிவுக்குள் உரிமத்தைக் காட்டி, வேலையில் சேர்ந்து, தவணையில் சொந்தமாக ஒரு நூறு சி.சி. வண்டியும் வாங்கினாள்.

அமரலாம், அமரத்தான் வேண்டும் என்று பதில் வந்தது ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி.