பீடத்துணி தைத்த அம்மா

மகளின் கராத்தே உடுப்பை ஸ்திரி போட்டபோது கஞ்சி வாசம் எழுந்தது. தொண்ணூறுகளில், வவுனியாவில் எங்கள் வீடே அப்படித்தான் மணக்கும். அப்பா இல்லை. அம்மா கராத்தே வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புத் தைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பார். அதே தையல் மெசினில்தான் தேவாலயத்தின் பீடத்துணியையும் தைப்பார்.

ஒரு ஞாயிறு, கராத்தே குருவின் படத்துக்குக் குனிந்து வணங்கும் அந்த வித்தை கர்த்தருக்கு விரோதமென்று போதகர் பிரசங்கித்தார். எனக்குப் பத்து வயது. நல்ல பிள்ளையென்று பெயரெடுக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அவரிடம் ஓடி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"எங்கட அம்மாதான் அவையளுக்கு உடுப்புத் தைக்கிறா. நான் வேண்டாமெண்டு சொல்லியும் கேக்கிறா இல்லை."

அடுத்த வாரமே பீடத்துணி வேறொருவரிடம் போனது.

அம்மா என்னை அடிக்கவில்லை. "நீ எப்ப எனக்குச் சொன்னனீ?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "பிள்ளையள் விழுந்தெழும்பிற உடுப்பு. கர்த்தருக்கு அது விளங்கும்," என்றுவிட்டு மெசினை மிதித்தார்.

அதன்பிறகு அவர் தேவாலயத்தில் கடைசி வாங்குப் பலகையில்தான் இருந்தார். நான் முன்வரிசையில் பாடிக்கொண்டிருந்தேன். ஒருநாளும் அவர் பக்கத்தில் போய் இருக்கவில்லை.

"அம்மம்மாவும் சேர்ச்சுக்குப் போறவாவோ?" என்று ஸ்திரி போட்ட உடுப்பை வாங்கிக்கொண்டே மகள் கேட்டாள்.

"ஓம், ஒவ்வொரு ஞாயிறும்," என்றேன். எங்கே இருந்தார் என்று சொல்லவில்லை.