டில்லிபாபுவின் மைனஸ்

மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையின் நீலச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போடுகிறார் டில்லிபாபு. விடை தப்பினால் கிரீஸ் துணியை எடுத்து அறைகிற மாதிரி அழிப்பார். சுவரெங்கும் கறுப்புத் திட்டு. "பெயின்ட் அட்ச்சுக்கலாம் சார்" என்பார், என் முகத்தைப் பார்க்காமலே.

எங்கள் ஆழ்வார்பேட்டை அடுக்ககத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி அவர். வயது நாற்பதை நெருங்குகிறது. அடையாற்றங்கரை வீட்டை அரசு இடித்துக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பிய வருடம், வேலை பார்த்துக்கொண்டே படித்த டிப்ளமோவை விட்டார். மிச்சம், கணக்கில் ஓர் அரியர். அவரிடம் வேலை பழகியவர்கள் டிப்ளமோவைக் காட்டி நிரந்தரமாகிவிட்டார்கள்.

"ஸ்பேனர் புடிக்கக் கத்துக் குட்த்தவன் நானு. இப்ப எனக்கே ஆர்டர் போட்றானுங்கோ."

அரியரை முடிக்க மயிலாப்பூரில் ஒரு டியூஷனில் சேர்ந்தார். வகையிடலில் வகுத்தல் விதி நடந்த அன்று மாஸ்டர் அவரைப் பலகைக்கு அழைத்தார். டில்லிபாபு மேலே இருப்பதைத் தனியாக, கீழே இருப்பதைத் தனியாக வகையிட்டு, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். வகுப்பு சிரித்தது. ஏன் தப்பு என்று டில்லிபாபு கேட்டார்.

"ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணுங்க. லிஃப்ட் பாக்கறவருக்குக் காரணம் எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

அத்துடன் வெளியே வந்தவர்தான். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இந்தச் சுவரோடு சண்டை.

ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். கத்திக்கொண்டிருந்தார்.

"எக்ஸ் கியூப எக்ஸால வகுத்தா எக்ஸ் ஸ்கொயர். அத்த வகையிட்டா டூ எக்ஸ். என் வழில போட்டா த்ரீ எக்ஸ் ஸ்கொயர் வருது. அப்ப என் வழி தப்பு சார், ஒத்துக்கறேன். இத்த சொல்ல அந்தாளுக்கு வாய் வலிக்குதா?"

"வகுத்தல் ஃபார்முலால நடுவுல வர்ற அந்த மைனஸ் எதுக்கு டில்லி?" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது.

"கீழ கீறது பெருசாவ பெருசாவ மொத்தம் சின்னதாய்க்கினே போவும். அந்தக் கொறைய எங்கனா காட்டணும்ல? அதான்." சொல்லிவிட்டுக் காலி டிபன் டப்பாவை எட்டி உதைத்தார். அது தண்ணீர்த் தொட்டி வரை உருண்டது. "பசங்க முன்னாடி சிரிக்க வெச்சான் சார்."

பரீட்சையில் தேறினார். நிரந்தரம் பற்றிக் கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் மயிலாப்பூர் போயிருந்தேன். அந்த டியூஷன் வாசலில் புது பேனர்: 'எங்கள் பயிற்சியில் வென்றவர்கள்.' இரண்டாவது வரிசையில், சேரும்போது கொடுத்த புகைப்படத்தில், டில்லிபாபு. வந்து சொன்னேன். பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வகுப்பு விட்டுப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் படியில் நின்று பார்த்தார். டில்லிபாபு அவர் பக்கம் திரும்பவேயில்லை. கருவிப் பையிலிருந்து கட்டரை எடுத்து, பேனரில் பக்கத்து முகங்களில் கீறல் படாமல், தன் முகத்தை மட்டும் நாலு பக்கமும் நேராக அறுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.