செருப்பு மாட்டும் நேரம்

அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியிலிருந்து எங்கள் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினரிடம் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். சட்டமன்றத்தில் கேட்கிற கேள்வி எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அவருடைய அலுவலகத்தில் ஒரு மேசையைக் காட்டி, வருகிறவர்கள் சொல்லும் குறைகளை எழுதச் சொன்னார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வந்தார்கள், பேசினார்கள். மழை, திராட்சை, யார் வீட்டில் காதுகுத்து, உறுப்பினர் அண்ணன் ஏன் இளைத்துப் போனார். டீ குடித்தார்கள். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்ணே" என்று எழுந்தார்கள். தோட்ட வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி, சும்மா பார்க்க ஒரு ஆள் வருவாரா? எனக்கு மண்டை குடைந்தது. பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

விஷயமே அங்கேதான் இருந்தது. வந்ததும் வராததுமாகக் காரியத்தைக் கேட்பது எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மரியாதைக் குறைவு. கிளம்பும்போது, ஒரு கால் செருப்பில் நுழைந்த பிறகு, "அப்புறம், ஒண்ணே ஒண்ணு" என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்களும் அப்படித்தான். அரசாங்கமும் இந்த இடத்தில்தான் தொடங்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

சுருளிப்பட்டியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் திராட்சைப் பெட்டியோடு வந்தார்கள். பத்தாவது பரீட்சை எழுதப்போகும் மகளும் கூட வந்திருந்தாள். உள்ளே வெகுநேரம் தோட்டத்துக் கதை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "சாயங்கால பஸ்ஸ நிறுத்திட்டாக தாயி. கம்பத்துல பதினொண்ணாப்புல சேத்தா இருட்டுல எப்பிடி வருவா? பரிச்சையோட நிப்பாட்டிரலாம்னு இவ அப்பா சொல்றாக."

மகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படிக்க, அவள் படிப்பு நிற்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

உறுப்பினரிடம் போய்ச் சொன்னேன். "அட, இம்புட்டு நேரம் இங்கனதான உக்காந்து பேசுனாக!" என்றார். நல்லவேளையாக, நடந்துகொண்டிருந்த கூட்டத்தொடரில் போக்குவரத்து பற்றி அவர் கொடுத்திருந்த கேள்வி ஒன்று வரவிருந்தது. அமைச்சர் பதில் சொன்னதும் துணைக் கேள்வியாக இந்த பஸ்ஸைக் கேட்பது என்று முடிவானது. அதைப் பார்க்க என்னையும் சென்னைக்கு வரச் சொன்னார்.

பார்வையாளர் மாடத்தில் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தேன். அமைச்சர் பதிலை வாசித்தார். எங்கள் ஆள் எழுந்தார். பேரவைத் தலைவருக்கு வணக்கம், அமைச்சருக்கு நன்றி. அது எல்லா ஊர்க்காரர்களும் செய்வதுதான். இவர் அதோடு விடவில்லை. பள்ளத்தாக்கில் நல்ல மழை என்றார். ரோடு வழவழவென்று இருக்கிறது என்றார். அமைச்சர் ஒரு நடை சுருளி அருவிக்கு வர வேண்டும் என்றார். "கேள்விக்கு வாருங்கள்" என்று பேரவைத் தலைவர் சொன்னார். "இந்தா வந்துட்டேன்யா" என்று சொல்லிவிட்டுத் திராட்சை விளைச்சலுக்குப் போனார். அடுத்த உறுப்பினரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவை கலைந்ததும் படியிறங்கி ஓடினேன். வெளியே அமைச்சர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே. எங்கள் உறுப்பினர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அப்புறம், ஒண்ணே ஒண்ணு..."

அமைச்சர் தலையாட்டினார். அவைக் குறிப்பில் மழை இருக்கும், அருவி இருக்கும், பஸ் மட்டும் இருக்காது. ஆனால் பள்ளி திறப்பதற்குள் சுருளிப்பட்டிக்குச் சாயங்கால பஸ் வந்துவிட்டது.

பயிற்சி முடிந்தும் பழக்கதோஷத்தில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்தப் பெண் பள்ளிச் சீருடையில் தனியாக வந்து வாசற்படியில் நின்றாள்.

"வா ஆத்தா, உக்காரு. அப்பா சொகமா இருக்காகளா? அங்கன மழை எப்பிடி?" என்றார் உறுப்பினர்.

அவள் உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஸ்கூல் விட மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே பஸ் போயிருது. ஓடியாந்தாலும் கெடைக்கல. நேரத்த மாத்திக் குடுங்க."

மரியாதை தெரியாத பிள்ளை என்று யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. உறுப்பினர் திகைத்துப்போய், "டீயாச்சும் குடி ஆத்தா" என்றார்.

"மொதல்ல டிப்போவுக்குப் போனப் போடுங்க" என்றாள்.